அண்ணன் போட்ட மாதிரி ஒரு கோடு

பதினேழாவது தடவையும் அதே பெண் குரல்தான். நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார். அந்தக் குரலுக்கு என்ன வந்தது, எத்தனை தடவை கேட்டாலும் பதறாமல் சொல்லும். பதறியது சுண்டுதான். போன் நழுவி ஷெட் தரையில் விழுந்து, கிரீஸ் இருந்த இடமாகப் பார்த்துக் குப்புறப் படுத்தது. எடுத்து பேன்ட்டில் துடைத்துக்கொண்டே பதினெட்டாவது தடவை அழுத்தினாள்.

எதிரே தரையில் இரண்டு சாமான்கள் கிடந்தன. ஒன்று, வண்டியிலிருந்து கழற்றிப்போட்ட பழைய பின்பக்க ஷாக் அப்சார்பர். இன்னொன்று, புது ஷாக் வந்த காலி அட்டைப்பெட்டி. காலையில் கோபம் தீருவதற்காக ஷெட்டைப் பெருக்கலாம் என்று வந்தவள், குறுக்கே கிடந்த பழைய ஷாக்கை ஒரு முனையில் பிடித்துத் தூக்கினாள். மறுமுனை தன் கனத்திலேயே சளக்கென்று கீழே இறங்கி நின்றது. இவ்வளவுதான் இதன் நீளமா என்று சும்மா ஒரு நினைப்பு. காலிப்பெட்டியின் ஓரத்தில் புது ஷாக்கின் நீளம் அச்சடித்திருந்தது. டேப் எடுத்து அளந்தாள். அப்புறம் உட்கார்ந்துகொண்டு அளந்தாள். மூன்றாவது தடவை அளக்கும்போது டேப்பின் எண்கள் கலங்கித் தெரிந்தன.

பதினொரு சென்டிமீட்டர் வித்தியாசம்.

அதாவது, பள்ளத்தின் மேல் ஒரு சக்கரம் தொங்கினால், முன்பு தொங்கியதைவிட இனிமேல் பதினொரு சென்டிமீட்டர் அதிகமாகத் தொங்கும். சக்கரத்தோடு ஆக்சில் இறங்கும். வண்டியின் சட்டத்திலிருந்து ஆக்சிலுக்குப் போகிற பிரேக் ஹோஸ் என்கிற ரப்பர்க் குழாயும் கூடவே இறங்கியாக வேண்டும். பழைய ஹோஸில் நான்கு விரல் தொய்வு இருந்தது. கழற்றப் போன அன்று அவளே விரலை வைத்துப் பார்த்திருந்தாள். நான்கு விரல் என்றால் ஆறு, மிஞ்சிப்போனால் ஏழு சென்டிமீட்டர். அவள் விரல் வேறு மெலிசு.

அதற்காகவே வாங்கிய நீளமான புது ஹோஸ், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், பெயின்ட் டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. அங்கே ஒளித்துவைத்ததும் அவள்தான்.

அண்ணன் இந்நேரம் மலைப்பாதையில் இருப்பான். அந்தப் பழைய ஹோஸோடு.

*

அவள் உண்மைப் பெயரை வாத்தியார்கள் மட்டும்தான் கூப்பிட்டார்கள். பதினாறு வயசுக்கு ஆள் சின்னதாக இருந்ததால் வீட்டில் சுண்டு. வண்டிக்கு ஜாக்கி போடாமலே அடியில் நுழைந்து வெளியே வரக்கூடியவள் அவள் ஒருத்திதான். வண்டியின் பெயர் எருமை. இருபத்தாறு வருஷப் பழசு. ஏதோ சர்வே ஆபீசில் ஓடித் தேய்ந்து, துருப்பிடித்து, ஏலத்துக்கு வந்தது. நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகிற வண்டி என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்வதற்குப் பெருமையாக ஒன்றும் இருக்கவில்லை. அண்ணன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அம்மா சுற்றிவந்து பார்த்துவிட்டு, “இதுக்கு நீ ஒரு நிஜ எருமையே வாங்கியிருக்கலாம், பாலாவது கறந்திருக்கும்” என்றாள். பெயர் நிலைத்துவிட்டது.

அம்மா வெளியூரில், படுக்கையில் இருக்கும் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவாள். மற்ற நாளெல்லாம் சாயங்காலம் போன். சாப்பிட்டியா, அண்ணன் சாப்பிட்டானா, கேஸை மூடினியா. ஆறு நிமிஷத்துக்குள் பெரியவர் உள்ளேயிருந்து கூப்பிட்டுவிடுவார். அப்பா அவர்களோடு இல்லாமல் போய் பன்னிரண்டு வருஷம். அண்ணன் குளிர்பதனக் கிடங்கில் பெட்டி ஏற்றுகிறவன். வாயைத் திறந்தால் குளிர் உள்ளே போய்விடும் என்று பயந்தவன் மாதிரி, வீட்டுக்கு வந்தாலும் பேசமாட்டான். பள்ளிக்கூடத்தில் சுண்டுவுக்குப் பக்கத்து இருக்கையில் ஒருத்தி உண்டு. பென்சில் கேட்பாள். அவ்வளவுதான்.

ஆனால் எருமை வந்த இந்த எட்டு மாசம் வேறு மாதிரி இருந்தது. வண்டிக்கு அடியில் படுத்தால் அண்ணனுக்கு எங்கிருந்தோ பேச்சு வந்தது. “பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் குடுடி.” “லைட்டை என் மூக்குல காட்டாத, நட்டுல காட்டு.” “ஸ்ப்ரிங்கை ரெண்டு இஞ்ச் உயரம் பண்ணினா மத்ததெல்லாம் சும்மா இருக்கும்னு நினைக்காத. ஒண்ணை மாத்தினா ஒன்பது வந்து நிக்கும்.” வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நாலு பாதங்கள் மட்டும் தெரியும். அதை யாரும் பேச்சு என்று சொல்லமாட்டார்கள். சுண்டு அதற்காக மத்தியானத்திலிருந்தே காத்துக்கொண்டிருப்பாள்.

அந்த ஷெட்டில் ஒரே ஒரு சட்டம்தான். முறுக்கினவர் கோடு போடக் கூடாது. ஒருவர் நட்டை முறுக்க வேண்டும். இன்னொருவர் வந்து, ஸ்பேனர் வைத்துப் பார்த்து, சரி என்றால் நட்டிலிருந்து போல்ட் வரைக்கும் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுக்க வேண்டும். பின்னால் நட்டு இம்மி தளர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கோடு இருந்தால் இரண்டு பேர் பார்த்தாயிற்று என்று அர்த்தம். அண்ணன் இடதுகைக்காரன். அவன் கோடு கொஞ்சம் சாய்ந்து, முடிகிற இடத்தில் ஒரு சுழி விழும். சுண்டுவின் கோடு, நோட்டில் அடிக்கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும்.

இதுமாதிரி வண்டிகளில் மலைப்பாதைக்குப் போகிற குழு சனிக்கிழமை கிளம்புவதாக இருந்தது. எட்டு வண்டிகள். அண்ணன் பக்கத்து சீட்டை அவளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தான். சும்மா உட்காருகிற சீட் இல்லை அது. கல் வருகிற இடத்தில் இறங்கி முன்னால் நின்று, இடது, இன்னும் இடது, நிறுத்து என்று கையைக் காட்டுகிறவருடைய இடம். அதற்காகவே அவள் சாயங்காலங்களில் தெருவில் செங்கல் அடுக்கிவைத்து அண்ணனுக்குக் கை காட்டிப் பழகினாள். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, “ஏன்மா, பிளேனா இறக்குற?” என்று கேட்டார்.

வியாழக்கிழமை அண்ணனுக்கு இரட்டை ஷிஃப்ட். “பின் பிரேக் ஹோஸ் ஒண்ணுதான் பாக்கி. நீ மாத்தி வை, நான் வந்து பார்த்து கோடு போடறேன்” என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் அடியில் நுழைந்தாள். துரு எண்ணெய் அடித்தாள். ஸ்பேனர் வைத்தாள். ஹோஸை இரும்புக் குழாயோடு பிடித்திருந்த நட்டு அசையவில்லை. இன்னும் பலமாக அழுத்தியபோது ஸ்பேனர் வழுக்கி, நட்டின் முனைகள் மழுங்கத் தொடங்கின. அது போனால் இரும்புக் குழாயையே வெட்டி வேறு போட வேண்டும். குழாய் வாங்க, வளைக்க, எப்படியும் நாலு நாள். குழு நாலு நாள் காத்திருக்காது. அதற்கப்புறம் அவளுக்குப் பரீட்சை. அந்த சீட் போய்விடும்.

பழைய ஹோஸை விரலால் தூக்கிப் பார்த்தாள். நான்கு விரல் தொய்வு. போதுமே என்று தோன்றியது. அது தோன்றவில்லை, தோன்றவைத்துக்கொண்டாள். பிரஷ்ஷை இடதுகையில் எடுத்தாள். கொஞ்சம் சாய்வாக, கடைசியில் ஒரு சுழி.

வெள்ளிக்கிழமை அண்ணன் டார்ச்சோடு அடியில் படுத்து ஒவ்வொரு கோடாகப் பார்த்துக்கொண்டே வந்தான். கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. பின் ஹோஸுக்கு வந்தபோது டார்ச்சைப் பிடித்திருந்தது சுண்டுதான்.

“இதை எப்ப பார்த்தேன் நான்?”

அவள் வெளிச்சத்தை நட்டை விட்டு எடுக்கவில்லை.

“காலையில பார்த்தேன் போல. தூக்கத்துல எதுவும் நினைப்புல இல்ல” என்று அவனே சொல்லிக்கொண்டான். “லைட்டை நகத்து.”

அவள் நகர்த்தினாள்.

*

சரி, அதையாவது மன்னித்துவிடலாம். அவளே வண்டியில் போகப்போகிறாள் என்றுதானே செய்தாள். அடித்தால் அவளையும் சேர்த்துத்தான் அடிக்கும். ஆனால் சனிக்கிழமை விடியும்போது, அண்ணனோடு கிடங்கில் வேலைபார்க்கும் கேஷியர் முதுகில் பையோடு வாசலில் நின்றார்.

“சுண்டு, அடுத்த தடவை கூட்டிட்டுப் போறேன்” என்றான் அண்ணன், அவளைப் பார்க்காமல் பையைக் கட்டிக்கொண்டே. “இந்தப் பாதை இவனுக்குத் தெரியும். முன்னாடியே ரெண்டு தடவை போயிருக்கான்.”

“தங்கச்சி கோச்சுக்கிச்சு போலயே” என்று சிரித்தார் கேஷியர். “வர்றப்போ உனக்கு ஒரு நல்ல கல்லா பார்த்துப் பொறுக்கிட்டு வரேன்.”

அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேற்று மாலையே அடுக்கிவைத்த பை உள்ளே கட்டிலில் இருந்தது. பின் ஹோஸ் மாற்றவில்லை என்கிற வார்த்தை நுனிநாக்கில் வந்து உட்கார்ந்திருந்தது. சொல்ல மூன்று விநாடி போதும். எருமை உறுமி, பின்னால் நகர்ந்து, தெருவில் திரும்பியது. அதற்கு முழுசாக ஒரு நிமிஷம் பிடித்தது. அந்த ஒரு நிமிஷமும் அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள். மறந்துபோய் இல்லை. கொஞ்சம் மாட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்துக்கொண்டு நின்றாள்.

இதை யாரிடமும் சொல்ல முடியாது. வண்டியை நிறுத்திவிட்டு, சுண்டு இருந்திருந்தால் என்று அவன் ஒரு தடவை நினைக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. ஹோஸ் பிய்ந்துபோவதை அவள் கேட்கவில்லை. ஆனால் ஹோஸுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?

*

பதினெட்டாவது அழைப்பும் போகவில்லை. அவள் வெல்டர் மாமாவுக்கு அடித்தாள். எருமைக்கு முன் பம்பர் செய்துகொடுத்தவர் அவர். இதுமாதிரி வண்டி வைத்திருக்கிற அத்தனை பேரும் அவர் பட்டறைக்குத்தான் வருவார்கள்.

“யாரு, சுண்டுவா? உங்கண்ணன் பம்பரை இடிச்சுட்டானா? நான் அப்பவே சொன்னேன், தம்பி, இது பம்பர், புல்டோசர் இல்லன்னு.”

“மாமா, பின் ஹோஸ் மாத்தல.”

“எந்த வண்டிக்கு?”

“எருமைக்கு.”

பின்னால் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் நின்றது. “மாத்தியாச்சுன்னு நேத்து என்கிட்ட சொன்னானே. கோடு கூட இருக்குன்னான்.”

“கோடு நான்தான் போட்டேன்.”

மாமா கையிலிருந்ததைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

“அழாத பாப்பா. அழுதா போன்ல ஒண்ணும் விளங்காது. கேளு. ஹோஸ் பிஞ்சா பின் பிரேக் மட்டும்தான் போகும், முன்னாடி இருக்கும். ஆனா பெடல் தடால்னு உள்ள போகும். இறக்கத்துல பெடல் உள்ள போனா எவனா இருந்தாலும் பயப்படுவான். பயந்து ஸ்டியரிங்கை ஒடிச்சான்னா…” அவர் அதை முடிக்கவில்லை. “கடைசி வண்டி பல் டாக்டரோடது. அந்த மனுஷன் ஒரு நாளும் நேரத்துக்குக் கிளம்பினது கிடையாது. அடிவாரத்துலதான் இருப்பார். அவர்கிட்ட வண்டிக்கு வண்டி பேசுற ரேடியோ இருக்கு. நம்பர் அனுப்புறேன், உடனே அடி.”

பல் டாக்டர் எடுத்தபோது வாய் நிறைய எதையோ மென்றுகொண்டிருந்தார்.

“அப்பாயின்ட்மென்ட்னா திங்கக்கிழமைம்மா.”

“சார், நான் எருமையோட தங்கச்சி.”

“என்னது?”

“எருமை வண்டி சார். பச்சைக் கலர். எங்கண்ணன் ஓட்டிட்டு வந்திருக்காரு. அண்ணனை நிறுத்தச் சொல்லுங்க சார். பின் பிரேக் ஹோஸ் பழசு, நீளம் பத்தாது. சக்கரம் தொங்கினா பிஞ்சுடும்.”

மெல்லுவது நின்றது. கார்க் கதவு திறக்கிற சத்தம். “இரும்மா. நீயே சொல்லு. நான் சொன்னா உங்கண்ணன் பத்துக் கேள்வி கேப்பான், எனக்குப் பல்லைத் தவிர ஒண்ணும் தெரியாது. போனை ரேடியோகிட்ட வைக்கிறேன். ஆனா ஒண்ணு, எல்லா வண்டியிலயும் கேக்கும். பரவாயில்லையா?”

பரவாயில்லை என்றாள். மனசுக்குள் அப்படி இல்லை. எட்டு வண்டி, பதினைந்து பதினாறு பேர், அதில் கேஷியரும் ஒருத்தர். ரேடியோ இரைந்தது.

“எல்லாரும் நில்லுங்க. எருமை, கேக்குதா? உன் தங்கச்சி பேசுது” என்றார் டாக்டர்.

“அண்ணா,” என்றாள். அதற்கு மேல் என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மாத்தல, நட்டு மழுங்கிடுச்சு, இறங்காத, இறங்காத என்று மட்டும் தன் குரலே ஷெட் தகரத்தில் பட்டுத் திரும்பிவந்தது.

இரைச்சல். யாரோ ஒருவர், “எந்த ஹோஸ்ங்கிறா?” என்றார். இன்னொருவர், “சும்மா இருப்பா” என்று அடக்கினார். அப்புறம்தான் அண்ணன் குரல் வந்தது, ரொம்பத் தூரத்திலிருந்து. வண்டிக்கு அடியில் கேட்கிற குரலா அது என்று சந்தேகமாக இருந்தது.

“படிக்கட்டுக்கு மேல நிக்கிறேன். இடது பின் சக்கரம் தொங்கிட்டுதான் இருக்கு. பார்த்துட்டு வரேன்.”

படிக்கட்டு என்பது பாதையிலேயே மோசமான இறக்கம். கல் கல்லாக, கீழே ஓடை வரைக்கும். அவளும் அண்ணனும் அதைப் படத்தில் பார்த்திருக்கிறார்கள்.

சுண்டு ஷெட்டின் கதவோரம் குந்தினாள். தெருவில் எதிர்வீட்டுக்காரர் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு சைக்கிள் போனது. உலகத்தில் எல்லாருக்கும் அது சாதாரண சனிக்கிழமை. பல் டாக்டர் போனுக்குள் மெதுவாக, “பயப்படாதம்மா, நிறுத்திட்டாங்க” என்றார். அந்தக் கனிவு தாங்க முடியாமல் அவள் முழங்காலில் முகத்தை அழுத்திக்கொண்டாள்.

முதலில் கேஷியர் குரல்தான் வந்தது. அதில் காலையில் இருந்த சிரிப்பு இல்லை. “கம்பி மாதிரி இழுத்துக்கிட்டு நிக்குது டாக்டர். மேல் ரப்பர் வெடிச்சு உள்ள நூல் தெரியுது. இன்னும் ஒரு கல்லு இறங்கியிருந்தா…”

“போதும், குடு” என்றான் அண்ணன். ரேடியோ கை மாறியது. “சுண்டு.”

“ம்.”

“நட்டுல கோடு இருக்கு. என் கோடு.”

“உன்னோடது இல்ல. நான் போட்டது.”

“சுழி இருக்கு.”

“உன்னை மாதிரி போட்டேன்.”

இரைச்சல் மட்டும் ஓடியது. அண்ணன் திட்டுவான் என்று காத்திருந்தாள். காலையில ஏன் சொல்லல என்று கேட்பான், அதற்குப் பதில் சொல்ல முடியாது என்று பயந்தாள். அவன் அதைக் கேட்கவில்லை. வண்டிக்காரன் கேட்க வேண்டியதைத்தான் கேட்டான்.

“வேற எங்க போட்ட?”

இல்லை, அது ஒன்றுதான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

செவ்வாய்க்கிழமை அண்ணன் வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் விழுந்து தூங்கிப்போனான். எழுப்ப மனசு வரவில்லை. அன்றைக்கு அவள் முறுக்கின நட்டுகளுக்கு அவளே அவன் மாதிரி கோடு போட்டாள். அது பொய் இல்லை, அவன் தூங்கட்டும் என்று போட்டது. காலையில் வந்து பார்த்தால் நானே போட்டுவிட்டேன் என்று நினைத்து நிம்மதியாக வேலைக்குப் போவான். புதன்கிழமையும் அப்படித்தான். எதற்கெல்லாம் போட்டாள், ஸ்ப்ரிங்கைப் பிடிக்கிற போல்ட்டுகளா, ஷாக்கின் மேல் நட்டா? எல்லாவற்றையும் இறுக்கமாகத்தான் முறுக்கினாள். முறுக்கினாளா? நடுவில் அம்மா போன் வந்தது. சாப்பிட்டியா, கேஸை மூடினியா. பேசிவிட்டு மறுபடி அடியில் போனபோது எந்த நட்டிலிருந்து ஆரம்பித்தாள்?

கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள்ளேயே எருமைக்கு அடியில் ஊர்ந்து போய்ப் பார்த்தாள். முன்னால், நடுவில், பின்னால், அறுபது எழுபது கோடுகள். எல்லாம், அவள் நேராகப் போட்டவைகூட, இப்போது கொஞ்சம் சாய்ந்து தெரிந்தன. எல்லாவற்றின் கடைசியிலும் ஒரு சுழி இருந்தது.

“சுண்டு, கேக்குதா? இங்கேர்ந்து வண்டியைத் திருப்ப முடியாது. ஒண்ணு இறக்கணும், இல்ல பின்னாடியே ஏத்தணும். சொல்லு, இதுல எதெல்லாம் நீ போட்டது?”